பத்து மீட்டர் இடைவெளி

எங்கள் நான்கு லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், நடுவில் பத்துப் பத்து மீட்டர்தான் இடைவெளி. முதல் வண்டியை மச்சான் ஓட்டுவார், என் மனைவியின் அண்ணன். மற்ற மூன்றும் கம்ப்யூட்டர் இணைப்பில் அதன் பின்னால் தானாகவே ஓடும்; அவர் பிரேக் போட்டால் நான்கும் நிற்கும், திருப்பினால் நான்கும் திரும்பும். இரண்டாவது வண்டியில் எனக்குத் தூங்காமல் இருப்பதுதான் வேலை. என் காலுக்கு மட்டும் ஓர் அதிகாரம் உண்டு. நான் பிரேக்கைத் தொட்டால் இணைப்பு அறுந்து, என் வண்டி பின்தங்கிவிடும். மூன்று முறை அறுத்தவனுக்கு வேலை போய்விடும். நான் ஏற்கெனவே இரண்டு முறை அறுத்தாயிற்று. ஒன்று நாய்க்காக, இன்னொன்று சும்மா காலை நீட்டியதில். அதிலிருந்து சம்மணம் போட்டே உட்காருகிறேன்.

அன்று மத்தியானம் ஒரு வெள்ளைக் கார் என் ஜன்னலுக்கு நேராக வந்து ஹாரனை அலறவிட்டது. ஓட்டியவள் ஒரு பெண். பின்சீட்டில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் பிரியும் சாலை எங்கள் பக்கம், இன்னும் ஒரு கிலோமீட்டர்தான். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டினாற்போல இதே மாதிரி நான்கு நான்கு லாரிகள். அவள் எங்கே நுழைவாள், பாவம்? என்னைப் பார்த்து ஒரு கையால் கும்பிட்டாள்.

மைக்கில் சொன்னேன்: "மச்சான், ஒரு கார் உள்ள வரணுமாம். ஆஸ்பத்திரி கேஸு."

"எல்லாருக்கும்தான் அவசரம். கால வச்சே, தொலைஞ்சே."

காலைக் கீழே இறக்கினேன். சத்தியமாக இறக்கினேன். பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் நின்ற கால் அதற்குமேல் இறங்கவில்லை. பிரிவுச்சாலை வந்தது, போயிற்று.

அடுத்து வெளியேறும் வழி நாற்பது கிலோமீட்டர் தள்ளித்தான். அங்கே நாங்கள் நிறுத்துமிடத்தில் அந்தக் காரும் நின்றிருந்தது. பெரியவர் முகத்தைத் தன் துப்பட்டாவால் மூடியிருந்தாள். அவள் நேரே என்னிடம் வந்தாள். அழவில்லை.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா போயிருக்கக் கூடாதா? எங்கப்பாண்ணே."

"நான் ஓட்டலம்மா. முன்னாடி வண்டிதான் ஓட்டுது. அவரக் கேளு."

அவள் முன்வண்டிக்குப் போனாள். மச்சான் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

"நான் என்னம்மா பண்றது? பின்னாடி இருக்கிறவன் பிரேக்க லேசாத் தொட்டிருந்தாலே வழி கிடைச்சிருக்குமே. அவன் தொடல."

அவள் திரும்பி என் வண்டியைப் பார்த்தாள். மெதுவாக நடந்து வந்தாள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கிக்கொண்டேன்.