ஒன்று புள்ளி ஒன்று ஐந்து

லோரீனுக்கு அந்த வசந்தம் முழுக்க ஒரே எரிச்சல். துப்பாக்கி நடுவில் நின்றுவிடுகிறது. ஒரு தடவை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். கிளப்பின் ஏப்ரல் துப்பாக்கி சுடும் போட்டியில் இரண்டு தடவை, மே மாதம் முதல் ஞாயிறு இன்னொரு தடவை. அதுவும் எப்படி? நேரம் ஓடிக்கொண்டிருக்கும், பத்துப் பேர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், தோட்டா குழலுக்குள் பாதி போய்ச் சிக்கிக்கொள்ளும். மேல்பகுதி மூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் பித்தளைக் கூடு மட்டும் கையோடு வரும், குண்டு உள்ளேயே நின்றுவிடும், கொட்டிய மருந்து உள்ளே எல்லா இடுக்கிலும் மணல் மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும். அத்தோடு அன்றைய ஆட்டம் முடிந்தது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஸ்பிரிங்கை மாற்று என்றான் ஒருவன். மாற்றினாள். வீட்டில் செய்கிற தோட்டாதானே, கூட்டின் வாயை இன்னும் இறுக்கு என்றான் இன்னொருவன். இறுக்கினாள். பொம்பளைகள் மணிக்கட்டைத் தளர விடுவார்கள், அதனால்தான் என்று ஒரு கிழவர் ஆரம்பித்தார். இருபத்தேழு வருஷமாக அனகோண்டா ஊரின் பனியில் நாற்பதடிப் பள்ளிப் பேருந்தைத் திருப்புகிற மணிக்கட்டு அது. அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் காபியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

கிளப் அணியின் தலைவி கெயில் மட்டும் யோசனை சொல்லவில்லை. குளிர்காலத்தில் கவுண்டி நிர்வாகத்துக்குச் சாலைப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள், பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"இங்க பாரு லோரீன், நீ மெர்லவிட நல்லா சுடுறவ. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனா ஹெலினாவுல மாநிலப் போட்டியில போய் இப்படி நின்னுச்சுன்னா உனக்கு மட்டுமா போச்சு? நாலு பேருக்கும் போச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு தடவகூட நிக்காம முடிச்சுக் காட்டு. நின்னா நாலாவது இடம் மெர்லுக்கு."

மெர்ல் யார்? லோரீனின் புருஷன். அதுதான் இதில் பெரிய கூத்து.

மாநிலப் போட்டிக்குப் போகும் நால்வரில் ஒருத்தியாக வர மூன்று வருஷமாக முட்டி மோதி இந்த வருஷம்தான் இடம் கிடைத்திருந்தது. அது கைநழுவிப் போய் எதிரே உட்கார்ந்து ஆம்லெட் தின்கிற ஆளுக்கே போகும் என்றால் எப்படி இருக்கும்? மெர்ல் கெட்டவன் இல்லை. அவள் இடத்தின்மேல் அவனுக்குக் கண்ணும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டான். அந்த வீட்டில் தோட்டா செய்கிற விவகாரத்தில் அவன் பிடித்துக்கொண்டது ஒரு எண்: ஒன்று புள்ளி ஒன்று ஐந்து. அடியிலிருந்து குண்டின் நுனி வரைக்கும் தோட்டாவின் நீளம், அங்குலக் கணக்கில். கொட்டகையில் மேஜையோடு முடுக்கிய பிரஸ்ஸில் குண்டை இறக்குகிற அச்சை அந்த நீளத்துக்கு வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தான்.

லோரீன் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள், நீளம்தான் தப்போ என்று. அவன் பதில் எப்போதும் ஒன்றுதான். இரண்டு துப்பாக்கியும் முப்பதாவது கல்யாண நாளுக்கு ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினவை, எண்கள்கூட அடுத்தடுத்தவை. அவனுடையது அதே தோட்டாவை வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி விழுங்குகிறது. அப்புறம் என்ன? தோட்டாவைச் சரிபார்க்கிற பழக்கமும் இருவருக்கும் உண்டு. குழலைத் தனியாகக் கழற்றி நிமிர்த்திப் பிடித்துத் தோட்டாவை உள்ளே போட்டால் 'டொக்' என்று விழவேண்டும், விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே விழவேண்டும். லோரீன் செய்த ஒவ்வொன்றும் டொக்கென்று விழுந்தது. விழுந்ததெல்லாம் மெர்லின் குழலில். அவன் எப்போது பார்த்தாலும் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துக்கொண்டே இருப்பவன். அதனால் அவன் குழல்தான் எப்போதும் மேஜைமேல் துண்டில் கிடக்கும். ஒரே மாதிரி இரண்டு இருக்கும்போது, எண்ணெய் போட்டு மாட்டி வைத்திருக்கிற தன் துப்பாக்கியை எதற்காகப் பிரிக்க வேண்டும்? கையில் அகப்பட்டதை எடுத்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

போட்டிக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை. மெர்ல் பயிற்சிக்கென்று கிளப்புக்குப் போய்விட்டான், துப்பாக்கியோடு. லோரீன் கொட்டகையில் வாரமெல்லாம் செய்த நானூறு தோட்டாக்களைக் கடைசியாக ஒரு தரம் பார்த்து டப்பாக்களில் அடுக்கலாம் என்று உட்கார்ந்தாள். துண்டில் குழல் இல்லை. அலுத்துக்கொண்டே தன் துப்பாக்கியைப் பிரித்தாள். குழலை நிமிர்த்தி ஒரு தோட்டாவைப் போட்டாள்.

டொக்கும் இல்லை ஒன்றும் இல்லை. ஒரு காசுக் கனத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சுற்றிப் பார்த்தாள், சுற்றவில்லை. கவிழ்த்தாள், விழவில்லை. இழுத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

அழுக்காயிருக்கும் என்று நினைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். மறுபடி போட்டாள். அதே கதை. வேறு டப்பாவிலிருந்து எடுத்தாள், இருபது போட்டுப் பார்த்தாள், இருபதும் துருத்திக்கொண்டு நின்றன. பிறகு ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்து ஒரு குண்டின் மேலெல்லாம் மை தீட்டிப் போட்டு எடுத்துப் பார்த்தாள். குண்டின் தோளில் ஆறு இடத்தில் மை வழித்துக்கொண்டு போயிருந்தது. குழலின் உள்வரிகளில் குண்டு போய் முட்டுகிறது. பெரும்பாலும் ஸ்பிரிங் வேகத்தில் அடித்து உள்ளே தள்ளிவிடும், அது முடியாதபோதுதான் சிக்கிக்கொள்கிறது. பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

பழைய குண்டுகளுக்கு மூக்கு ஒல்லி, அதனால் இத்தனை வருஷம் முட்டவில்லை. பிப்ரவரியில் மெர்ல் மொத்தமாகக் கிடைத்ததென்று வாங்கிப்போட்ட மூவாயிரத்துக்கும் மொட்டை மூக்கு, அகலத் தோள். சரி, அது புரிகிறது. ஆனால் அவன் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் முட்டவில்லை? ஒரே மாதிரி துப்பாக்கியாயிற்றே?

பதினொன்றரைக்கு மெர்ல் இறைச்சி அடைத்த பாஸ்டி இரண்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தான். அவள் பொட்டலத்தைப் பார்க்கவே இல்லை. துப்பாக்கியைப் பிரி, குழலைக் கொடு என்றாள். சாப்பிட்டுவிட்டு என்றான். இப்போதே என்றாள்.

மை தீட்டிய அதே தோட்டாவை அவன் குழலில் போட்டாள். டொக். எடுத்துத் தன் குழலில் போட்டாள். துருத்திக்கொண்டு நின்றது. இரண்டையும் அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

மெர்ல் இரண்டையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்தான். காதைச் சொறிந்தான்.

"அட, ஆமா. துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஹோபார்ட் கிட்ட விசைய இழைக்கக் குடுத்தேன்ல, நாலு வருஷம் இருக்கும். அப்போ குழலோட தொண்டையையும், குண்டு போய் உக்கார்ற இடத்த, கொஞ்சம் குடைஞ்சு விடவான்னு கேட்டாரு. சரின்னேன்."

"சரின்னியா."

"அது ஒரு விஷயமான்னு விட்டுட்டேன், கண்ணு."

"ரெண்டு மாசமா ஊர்ல இருக்கறவனெல்லாம் என் மணிக்கட்ட வாயில போட்டு மென்னுக்கிட்டு இருக்கான். நீ பக்கத்துல நின்னு ரெண்டும் ஒரே துப்பாக்கி, ரெண்டும் ஒரே துப்பாக்கின்னு பாட்டுப் பாடிக்கிட்டு இருந்த."

"வாங்கறப்போ ஒரே துப்பாக்கிதானே?"

அவள் எழுந்து வெளியே போய் வேலியோரம் கிடந்த பழைய பனிக்குவியலை இரண்டு உதை உதைத்துவிட்டு வந்தாள். அதற்குள் அவன் ஒரு பாஸ்டியைப் பிரித்து அவள் பக்கம் தள்ளி வைத்திருந்தான், குழம்பு ஊற்றி. அதைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது.

சரி, இனி நானூறு தோட்டாவுக்கு என்ன வழி? மெர்லிடம் வழி தயாராக இருந்தது. அச்சின் திருகை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, செய்ததையெல்லாம் மறுபடி ஒருமுறை பிரஸ்ஸில் அழுத்திவிட்டால் போயிற்று, இரண்டு மணி நேர வேலை என்றான். லோரீன் முடியாது என்றாள். மருந்து அதே அளவு, குண்டை மட்டும் உள்ளே தள்ளினால் உள்ளே இடம் குறையும், இடம் குறைந்தால் வெடிக்கிறபோது அழுத்தம் ஏறும். இவ்வளவு சின்னக் கூட்டில் கொஞ்சம் தள்ளினாலே நிறைய ஏறும். கையில் பிடித்திருப்பது அவள், அவன் இல்லை. ஒன்றும் ஆகாது என்றான் மெர்ல். ஒன்றும் ஆகாது என்றுதான் ஹோபார்ட் விஷயத்தையும் விட்டாய் என்றாள்.

அந்த நானூறும் அப்படியே அவனுக்குப் போயின. அவள் வாரமெல்லாம் கைவலிக்கச் செய்தவை, அவன் துப்பாக்கிக்கு அளவெடுத்த மாதிரி. இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது?

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கூட்டில் மருந்தில்லாமல் குண்டை மட்டும் செருகி, திருகைக் கால் சுற்று கால் சுற்றாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் தன் குழலில் போட்டுப் பார்த்தாள். ஒன்று புள்ளி ஒன்று இரண்டில் முட்டியது. ஒன்று புள்ளி ஒன்றில் போயிற்று, ஆனால் சுற்றும்போது லேசாக உரசியது. இன்னும் கொஞ்சம் இறக்கினாள். நீளம் அளக்கும் வெர்னியரில் ஒன்று புள்ளி பூஜ்யம் எட்டு ஐந்து. டொக். சுற்றினால் சுற்றியது, கவிழ்த்தால் விழுந்தது. கையேட்டைப் பிரித்து இந்த மொட்டை மூக்குக்கு, இந்த நீளத்துக்கு மருந்து எவ்வளவிலிருந்து தொடங்கச் சொல்கிறது என்று பார்த்தாள். பழையதைவிட நன்றாகவே குறைவு. அந்தக் குறைந்த அளவில் பத்து மட்டும் செய்து, கிளப்புக்குக் காரை விரட்டிக்கொண்டு போய்ச் சுட்டுப் பார்த்தாள். பத்தும் போயின. மேல்பகுதி ஒழுங்காகத் திரும்பி மூடியது. கொஞ்சம் சோம்பலாகத்தான் மூடியது, ஆனால் மூடியது.

திரும்பி வந்து நூற்றறுபது செய்தாள். மெர்ல் உதவுகிறேன் என்று பின்னாலேயே வந்தான். பிரஸ்ஸைத் தொட்டால் கையை வெட்டுவேன் என்றாள். காலிக் கூடுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பள்ளியில் தண்டனை வாங்கினவன் மாதிரி. நூற்றறுபதையும் ஒவ்வொன்றாகத் தன் குழலில் போட்டுப் பார்த்துத்தான் டப்பாவில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்ட்லர் மலைப்பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து சுற்று. கெயில் அட்டையும் பென்சிலுமாக லோரீனின் பின்னாலேயே நடந்தாள். முதல் சுற்று போயிற்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் போயின. போகும், போகும் என்று தெரிந்தும் ஒவ்வொரு சூட்டுக்கும் அவள் தோள் இறுகியது. எங்கே நிற்குமோ என்று பயந்து பயந்து சுட்டால் குறி எங்கே நிற்கும்? இரும்புத் தகடுகளில் பாதியை இரண்டாவது சூட்டில்தான் வீழ்த்தினாள்.

ஐந்தாவதில், கடைசிக்கு முந்தின தகட்டில், துப்பாக்கி நின்றது.

மேல்பகுதி பின்னால் போனது, திரும்பி வரவில்லை. லோரீனும் அசையவில்லை. முடிந்தது என்று நினைத்தாள். பின்னால் கெயிலின் பென்சில் எழுத ஆரம்பிக்கிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. இரண்டு நொடி, மூன்று நொடி. அப்புறம்தான் கண்ணில் பட்டது. குழல் காலி, உள்ளே ஒன்றும் சிக்கவில்லை. தவறவிட்ட சூடுகளைக் கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறாள், தோட்டா தீர்ந்துபோய் மேல்பகுதி வழக்கப்படி திறந்து நிற்கிறது, அவ்வளவுதான். இடுப்பிலிருந்து அடுத்த மேகசினை உருவிச் செருகினாள். இரண்டு தகடும் விழுந்தன.

கெயில் அட்டையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"நின்னது துப்பாக்கி இல்ல, நீதான். மூணு நொடி மரமாட்டம் நின்ன."

"கணக்குல வருமா அது?"

"உன் நேரத்துல வரும். என் பேச்சுல வராது. நிக்காம முடிச்சுட்ட, இடம் உனக்கு."

அன்றைக்கு மெர்ல் அவள் செய்த நீளத் தோட்டாக்களால் தன் ஆயுளிலேயே நல்ல எண்ணிக்கை எடுத்திருந்தான். பதினொரு புள்ளி அவளைவிட அதிகம். கெயில் அதைப் பார்த்து உதட்டைக் கடித்தாள், ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. மெர்லுக்கு அதில் வருத்தமும் இல்லை. தன் பிக்கப் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு, இரண்டு குழலையும் ஒன்றாக வைத்துப் பார்த்து வித்தியாசத்தைக் கண்டுபிடித்த கதையை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். 'நாங்கள் கண்டுபிடித்தோம்' என்றான். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது அது 'நான்' ஆகிவிட்டது. மணிக்கட்டுக் கிழவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். லோரீன் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இடம் கிடைத்துவிட்டது, கவலை விட்டது என்றுதான் நினைத்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேருந்தைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, ஹெலினாவுக்கு வேண்டியதை ஆரம்பிக்கலாமென்று கொட்டகைக்குப் போனாள். முதல் தோட்டாவைச் செய்து குழலில் போட்டாள். துருத்திக்கொண்டு நின்றது. வெர்னியரை எடுத்தாள். ஒன்று புள்ளி ஒன்று ஐந்து.

"மெர்ல்."

"எனக்கும் கொஞ்சம் செய்யணும்ல, கண்ணு. உன்னோடத நீ திருப்பி வச்சுக்க, ஒரு சுத்துதானே?"

அவள் திருகைத் தன் நீளத்துக்கு இறக்கி, பூட்டு வளையத்தை இறுக்கி, அச்சையே பிரஸ்ஸிலிருந்து கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஜூன் மாத ஹெலினா போட்டி வரைக்கும் அது தினமும் அவளோடு பேருந்தில்தான் போய்வந்தது.