மூன்று ரம்பங்களும் ஓர் அறுவையும்

கடைக்காரருக்குக் கல்யாணமாகி ஆறு வருடங்களில், அவருடைய மச்சினிக்கு அந்த இரும்புச் சாமான் கடையில் தெரியாத வேலை இல்லை என்றாகிவிட்டது. எதற்கெடுத்தாலும் அவர், "மச்சினி, கொஞ்சம் இங்க வாயேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். கேட்டுக் கேட்டு, தச்சர்கள், பெயின்டர்கள், சாமான் இறக்க வரும் லாரிக்காரர்கள் வரை அத்தனை பேருக்கும் அவள் மச்சினி ஆகிப்போனாள். இது நியாயமா என்று அவள் அக்காவிடம் முறையிட்டாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்ததோடு அந்த வழக்கு தள்ளுபடியானது.

அப்படியிருக்கையில்தான் கடைக்காரர் கையில் பிடித்து வெட்டும் வட்ட ரம்பங்களில் மூன்று வகை வாங்கிப் போட்டார். கடை வாசலில், "வெட்டிப் பார்த்து வாங்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும்" என்று பலகையும் எழுதி மாட்டினார். எழுதியது அவர். வெட்டிக் காட்டும் பொறுப்பு மச்சினிக்கு.

மூன்றையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, அவளே பெயரும் வைத்தாள். முதலாவதில் மோட்டார் பிளேடுக்குப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். எடை குறைவு, வேகம் அதிகம், சத்தம் அதைவிட அதிகம். பட்டனைத் தொட்டதும் வீறிட்டுக்கொண்டு பாயும். அக்காவின் கொழுந்தன் ஒருவன் அதே சுபாவம் என்பதால் அதற்குக் கொழுந்தன் என்று பெயர். இரண்டாவதில் மோட்டார் பிளேடுக்குப் பின்னால் நீட்டிப் படுத்திருக்கும். உள்ளே பல்சக்கரங்கள் வழியாகச் சுற்றுவதால் பிளேடு நிதானமாகத்தான் சுழலும். ஆனால் கட்டையில் முடிச்சு வந்தாலும் ஈரம் வந்தாலும் அசராது. தூக்குகிறவர் தோள்தான் அசரும். அது மாமனார். மூன்றாவது பேட்டரியில் ஓடுவது. பார்க்க லட்சணம், ஒயர் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம். கொஞ்ச நேரம் உழைத்ததும் படுத்துக்கொள்ளும். உட்கார வைத்து உபசரித்தால்தான் மறுபடி எழுந்திருக்கும். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். கடைக்காரர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். பாதியில் எதையோ யோசித்து நிறுத்திக்கொண்டார்.

கடையில் ரம்பம் மூன்றுதான். நான்காவதாக மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

மாஸ்டர் இரண்டு தெரு தள்ளி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபது வருடமாகப் பழகுநர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து, அவருடைய வலது காலுக்குத் தனிப் புத்தி வந்திருந்தது. எது வேகமாக வந்தாலும் அது தானாகத் தரையை அழுத்தும். கொழுந்தன் முதல் தடவை வீறிட்டபோது மாஸ்டர் மிதித்த மிதியில் தரையில் இருந்த ஆணி டப்பா கவிழ்ந்தது.

அவருக்கு ஒரு ரம்பம் வேண்டுமாம். ஆனால் அவசரப்பட்டு எதையும் வாங்கும் பழக்கம் இல்லையாம். இதைச் சொல்லவே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு மெஷினையும் ஒவ்வொரு மாணவரோடு ஒப்பிட்டார். கொழுந்தன், லைசென்ஸ் வருவதற்குள் கல்யாணக் கார் ஓட்டத் துடிக்கிற பையனாம். மாமனார், பஸ் ஓட்டிவிட்டுக் கார் கற்க வந்தவராம். மாப்பிள்ளை, சிக்னல் இல்லாத இடத்திலும் நின்றுவிடுகிற ஆளாம். கேட்டுக்கொண்டிருந்த பெயின்டர் ஒருவர், வந்த காரியத்தை மறந்து வெறுங்கையோடு வீடு திரும்பினார். கடையில் இருக்கிற எந்த பிளேடும் இப்படி அறுக்காது என்று மச்சினி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மாஸ்டர் தன் காரின் தலையில் பலகையைக் கட்டிக்கொண்டு வந்தார். கடைப் பலகையில் வெட்டிப் பார்த்தால் கடைப் பலகையைப் பற்றித்தான் தெரியும், தன் பலகையில் வெட்டினால்தான் மெஷினைப் பற்றித் தெரியும் என்று விளக்கினார். பலகையில் பென்சிலால் கோடுகள் கிழித்திருந்தார். பின்பக்கம் எண்களும் போட்டிருந்தார். ஆள் எவ்வளவு ஒழுங்கு பார் என்று கடைக்காரர் மெச்சினார். மச்சினி கண்ணாடி மாட்டிக்கொண்டு, காதை அடைத்துக்கொண்டு, முதல் கோட்டைக் கொழுந்தனாலும் அடுத்ததை மாமனாராலும் மூன்றாவதை மாப்பிள்ளையாலும் வெட்டினாள். மாஸ்டர் குனிந்து பார்த்தார், நோட்டில் குறித்தார், துண்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதன்பிறகு தினமும் வந்தார். ஒரு நாள் நீளவாக்கில் ஒப்பிட வேண்டும் என்றார். இன்னொரு நாள் குறுக்குவாக்கில். ஒரு நாள் தடித்த கட்டை, ஒரு நாள் மெல்லிய பிளைவுட். மச்சினிக்கு மாமனாரைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை விட்டுப்போனது. இந்த ஆள் வாங்கவே மாட்டார் என்று அவள் சொன்னாள். இவ்வளவு சிரத்தையாகப் பார்க்கிறவர் வாங்காமல் எங்கே போவார், ஒருவேளை மூன்றையுமே வாங்கிவிடுவார் என்றார் கடைக்காரர். நம்பிக்கையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒன்பதாம் நாள் அந்த நம்பிக்கையே வினையானது. வியாபாரத்தை முடித்துவைக்கும் முடிவோடு கடைக்காரர் தானே களத்தில் இறங்கினார். இந்த மெஷினைச் சாய்த்தும் வெட்டலாம் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே, பிளேடை நாற்பத்தைந்து டிகிரிக்குச் சாய்த்து, மேஜைமேல் இருந்த மாஸ்டரின் பெரிய பலகையில் வைத்து, மேலிருந்து கீழ் வரை சர்ரென்று இழுத்துவிட்டார். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வலது கால் தரையை இரண்டு முறை மிதித்தது. அப்புறம் இடது காலும் மிதித்தது.

எப்படி இருக்கிறது என்று கடைக்காரர் பெருமையோடு கேட்டார். நன்றாக வெட்டுகிறது என்று சொல்லும்போது மாஸ்டரின் கண்கள் கலங்கியிருந்தன. மரத்தூள் பட்டிருக்கும் என்று மச்சினி துடைக்கத் துணி கொடுத்தாள்.

பதினோராம் நாளுக்குப் பிறகு மாஸ்டர் வரவில்லை. நான்கு நாள் கழித்து, வெறுங்கையோடு, முகம் தொங்கிப்போய் வந்து நின்றார். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம்.

"ஏம்மா, ஒரு சின்ன சந்தேகம். ஒருத்தர் மூணு மெஷின்லயும் மாத்தி மாத்தி வெட்டினா, எல்லாத் துண்டும் ஒரே அளவு வருமா?"

"எப்படி சார் வரும்? பிளேடு தடிமன் வேற வேற இல்ல? பெரிசு போற வழியில மூணு மில்லிமீட்டரைத் தின்னுடும். பேட்டரி மெஷின் அதுல பாதிதான் திங்கும். கோடு போடும்போதே அதுக்கு இடம் விடணும்."

"கோட்டை ஒட்டி ஒட்டிப் போட்டிருந்தா?"

"ஒண்ணு குட்டையாகும், ஒண்ணு நெட்டையாகும். எதுக்குக் கேக்கறீங்க?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். "அப்போ அடியில நாலு காலும் நாலு அளவாத்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"எந்த நாலு கால்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா" என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாக வெளியேறினார்.

மச்சினி அப்படியே நின்றாள். பலகைகளின் பின்பக்கத்து எண்கள் ஒவ்வொன்றாகக் கண்முன்னால் வந்தன. ஒன்று முதல் பத்து வரை தட்டுகள். பதினொன்று, பன்னிரண்டு பக்கங்கள். பெரிய பலகை இரண்டு, அவை கதவுகள். தடித்த கட்டை நான்கு, அவை கால்கள். பதினோரு நாளாகத் தோள் வலிக்க வலிக்க அவள் அந்த மனிதருக்கு ஒரு முழு அலமாரியை வெட்டிக் கொடுத்திருக்கிறாள். ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நடுவே, கடைக்காரர் சாய்த்து வெட்டியது இடது கதவு என்று உறைத்ததும், அந்த ஆத்திரத்தைக் கிழித்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட்டுத் திரும்பிய கடைக்காரர், மச்சினி தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிப்பதைப் பார்த்து, அக்காவுக்குப் போன் போடலாமா என்று யோசித்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக வாசலுக்குப் போய், பலகையிலிருந்து "எத்தனை முறை வேண்டுமானாலும்" என்பதை மட்டும் சுரண்டி எடுத்தார்.

மறுநாள் காலை ஓர் அம்மாள் கடைக்குள் நுழைந்தார். நல்ல உயரம், அகன்ற தோள், தீயணைப்பு நிலையச் சீருடை. நெற்றியில் புதிதாக ஒரு பிளாஸ்திரி. அவருக்குப் பின்னால், காரில் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டவர் மாதிரி முழித்துக்கொண்டு மாஸ்டர் நின்றார்.

"இவர் உங்க கடையில ரம்பம் வாங்கி, அதுல ஒரு அலமாரி செஞ்சிருக்கார்" என்றார் அந்த அம்மாள். "எல்லாம் கோணல். இடது கதவைத் திறந்தேன், கையோட வந்துடுச்சு. மெஷின்ல கோளாறு. மாத்திக் கொடுங்க."

கடைக்காரர் வாயைத் திறந்தார். மாஸ்டர் மனைவியின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் கூப்பினார். மச்சினி அதைப் பார்த்தாள். இரவெல்லாம் அவள் தயாரித்து வைத்திருந்த வசவு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைவிட நல்லது ஒன்று தோன்றியதும், அதை விழுங்கிவிட்டு அத்தானை முந்திக்கொண்டாள்.

"மாத்திடலாம் மேடம். சார், இந்த மூணுல நீங்க வாங்கினது எது?"

பதினோரு நாள் யோசித்தும் முடிவுக்கு வராத மனிதர், ஒரே நொடியில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. விரல் கொழுந்தனிடம் போனது. அங்கிருந்து மாப்பிள்ளைக்குத் தாவியது. வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் விரல் நடுவில் வந்து மாமனார் மீது விழுந்தது. விழுந்த வேகத்தில் மாஸ்டர், மோட்டாரை எங்கே வைத்திருக்கிறார்கள், அதனால் கோடு எந்தப் பக்கம் தெரியும் என்று விளக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

அவர் மனைவி மாமனாரை ஒற்றைக் கையால் தூக்கினார். அத்தனை கனத்தையும் தக்காளியைப் புரட்டுகிற மாதிரி புரட்டிப் பார்த்தார். கைப்பிடியில் கடையின் விலைச்சீட்டு நூலோடு ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மச்சினியின் முழங்கையில் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்தார்.

"வெட்டினது நீதானேம்மா?"

மச்சினிக்குப் பொய் வரவில்லை. "சாய்ச்சு வெட்டினது மட்டும் எங்க அத்தான்" என்றாள்.

கடைக்காரர் தராசுக்குப் பின்னால் எதையோ தேடக் குனிந்தார்.

அந்த அம்மாள் கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் தன் நெற்றிப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டார். பதினோரு நாளும் கணவர் சட்டை நிறையத் தூளோடு வந்தாராம், கையில் மட்டும் ஒரு கீறல் கூட இல்லையாம், தனக்கு அப்போதே சந்தேகமாம். போன மாதம் அந்த அம்மாள், தீப்பிடித்த வீடு ஒன்றின் பூட்டிய கதவை ரம்பத்தால் வெட்டி ஒரு குடும்பத்தை மீட்டிருக்கிறார். அதை நான்கு பேர் பாராட்டியதிலிருந்து மாஸ்டருக்கும் வீட்டில் எதையாவது வெட்டிக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் மெஷின் என்றால் பயம். இதை மனைவி சொல்லச் சொல்ல, மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த சுத்தியல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த அம்மாள் தானே மூன்றையும் ஒப்பிட்டார். ஒவ்வொன்றையும் தூக்கினார், ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார், கீழே வைத்தார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

"கனமானதைத் தூக்கினா இவருக்குக் கை சுளுக்கிக்கும். பேட்டரி மெஷினைக் கொடுத்தா, இவர் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பேட்டரி தீர்ந்துடும். இந்தச் சத்தக்காரனைக் கட்டுங்க."

கொழுந்தன் விலைபோனான். பதினோரு நாள் கூலியாக மச்சினிக்கு என்ன வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, கதவை மாஸ்டரே வெட்டட்டும், நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றாள்.

அடுத்த விடுமுறை நாளில் மாஸ்டரின் பயிற்சித் திடலில், கார்களுக்கு நடுவே இரண்டு முக்காலி போட்டுப் புதுப் பலகை கிடத்தினார்கள். மாஸ்டர் கண்ணாடி மாட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிளேடு தடிமனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மச்சினி, "சார், கோட்டைப் பாருங்க, பட்டனை அமுக்குங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. கொழுந்தன் வீறிட்டான். மாஸ்டரும் கூடவே வீறிட்டார். ஆனால் கையை எடுக்கவில்லை. பலகையின் மறுமுனை வரை போய்ச் சேர்ந்தார். கோடு ஒரு வழியாகவும் வெட்டு ஒரு வழியாகவும் போயிருந்தன. துண்டு தொப்பென்று விழுந்ததும், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுற்றி நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். மனைவி கைதட்டினார். பழக வந்திருந்த இரண்டு மாணவர்கள் எதற்கென்று தெரியாமலே ஹார்ன் அடித்தார்கள்.

அந்தக் கதவு இன்றுவரை முழுதாகச் சாத்துவதில்லை. ஆனால் மாஸ்டர் இப்போது வேறு ஆள். ரம்பத்தைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, யார் வீட்டிலாவது கதவு இடிக்கிறதா, ஜன்னல் இறுகுகிறதா என்று தானே விசாரித்துக்கொண்டு போகிறார். வெட்டித் தருவதற்குக் காசு கிடையாது. எந்த மெஷின் ஏன் நல்லது என்பதை முழுதாகக் கேட்டால் போதும். அதனால் அந்தத் தெருவில் எல்லாரும் இடிக்கிற கதவைச் சத்தம் வராமல் சாத்தக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.