ஓரத்தில் நின்றவள்

கூறைச் சீலை எடுப்பது பற்றிப் பேசத்தான் சறோஜினிதேவி வேலணைக்கு வந்திருக்கிறாள் என்று நிலக்சனாவின் தாய் நினைத்தாள். சறோஜினிதேவி மாப்பிள்ளை ஜெகதீஸின் தாய், சுருவில் ஊர்க்காரி. கொடுத்த தேநீரை அவள் தொடவில்லை. நிலக்சனாவின் தாய் குசினிக்குள் போனதும் நிலக்சனாவிடம் கைபேசியை நீட்டினாள்.

நிலக்சனாவின் கந்தோரில் வேலை செய்யும் பதின்மூன்று பேர் சாட்டிக் கடற்கரையில் நின்று எடுத்து முகநூலில் போட்ட படம். எல்லாரையும் அடக்குவதற்காக அகலக் கமராவில் எடுத்தது. வலது ஓரத்தில் நிலக்சனா. வயிறும் இடுப்பும் விரிந்து, கன்னம் ஊதியிருந்தது.

"பிள்ளை, ஒளிக்காமல் சொல்லும். எத்தினை மாதம்?"

 கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம்.

"மாமி, அப்பிடி ஒண்டும் இல்லை!"

"படம் பொய் சொல்லுமோ? வாரும், டொக்டரிட்டைக் காட்டுவம்."

நிலக்சனா படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். அதன் வட்டச் சில்லு முட்டை போல நீண்டு கிடந்தது.

"இந்தச் சில்லைப் பாருங்கோ, மாமி. இதுவும் பிள்ளைத்தாச்சியோ? ஓரத்திலை நிக்கிறதை இந்தக் கமரா இழுத்துப்போடும்."

"எனக்குக் கதை விடாதையும்."

நிலக்சனா அவளை முற்றத்தில் நிறுத்தி அதே மாதிரி அகலக் கமராவில் இரண்டு படம் எடுத்தாள். ஒன்றில் சறோஜினிதேவி நடுவில், மற்றதில் ஓரத்தில். இரண்டாவதில் அவளுடைய தோள் பரந்து, முகம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. சறோஜினிதேவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இது நானோ?" என்றாள். பிறகு ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தாள்.

பின்னேரம் ஜெகதீஸ் நிலக்சனாவுக்குக் கோல் எடுத்தான்.

"அம்மா எல்லாம் சொன்னவ. விடும், இனிப் பிரச்சினை இல்லை."

"அந்தப் படத்தை மாமிக்கு ஆர் காட்டினது?"

 சறோஜினிதேவிக்கு முகநூல் பார்க்கத் தெரியாது என்பது நிலக்சனாவுக்குத் தெரியும்.

"நான்தான். எனக்கும் ஒரு சந்தேகம்... அம்மாவைக் கேட்டுப் பாக்கச் சொன்னனான்."

"என்னட்டைக் கேக்க உங்களுக்கு ஏலாமல் போச்சு, என்ன?"

ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாக வந்தான். நிலக்சனாவின் தாய்க்கு முன்னால் மன்னிப்புக் கேட்டான்.  நிலக்சனா அவனை இருக்கச் சொன்னாள், சாப்பாடும் போட்டாள்.

ஆனால் அவனோடு கூறை எடுக்கப் போகவில்லை.

"கல்யாண நாளைத் தள்ளி வையுங்கோ," என்றாள். "இப்ப எனக்குத்தான் உங்களிலை சந்தேகம்."

அவன் தலையாட்டினான்.