இந்த மாத ரீடிங்

என் முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறாள் லேப்பில் ரத்தம் எடுக்கிற ஜெபராணி, பூட்டாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல, உள்ளேயிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கக் காணோம், சார் கைய நல்லா மூடுங்க, நரம்பு ஒளியுது, ஒளியாமல் என்ன செய்யும் தாயி, மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஊசியோடு வந்து நின்றால் தாய்மாமனைப் பார்த்தாலே ஒளியத் தோன்றும் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்கிறேன், அவள் தட்டிக்கொண்டேயிருக்கிறாள், எனக்குக் கண் செருகுகிறது, எந்த வருஷம் இது, முதுகுவலியை வாயு என்று முடிவுகட்டிப் பூண்டாகத் தின்று தீர்த்த வருஷமா, வீடே நாறிய பிறகுதான் அது மைலோமா என்கிற ரத்தப் புற்று என்று தெரிந்தது, எலும்பு மஜ்ஜையில் பெருகிய கெட்ட அணுக்கள் வேண்டாத ஒரு புரதத்தைச் சுரக்கின்றன என்று டாக்டரம்மா விளக்க, என் மைத்துனன் சுடலையாண்டி, புரதம் உடம்புக்கு நல்லதுதானே மேடம் என்கிறான், அந்த அம்மா அவனைப் பார்த்த பார்வை இன்னும் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருக்கும், மருந்து முடிந்து, கொட்டிய முடி முளைத்து, நோய் அடங்கியிருக்கு சார், போகல, திரும்பி வந்தா வலிக்கு முந்தி ரத்தத்துலதான் தெரியும், அந்தப் புரதத்தை அளந்துக்கிட்டே இருக்கணும், ஒரே லேப்ல மட்டும் குடுங்க, லேப்புக்கு லேப் அளவு மாறும் என்கிறாள் டாக்டரம்மா, அளப்பது எனக்குப் புதிதா, மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்தவன், நான் படியேறினால் நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இப்போது என்னை ரீடிங் எடுக்கிறார்கள், ரீடிங் நெருங்கினால் வீடு வீடாக இருக்காது, என் மனைவி செண்பகவல்லி சாம்பாரில் உப்பை மறப்பாள், நான் முதுகைச் சொறிந்தால் வலிக்கா என்று ஓடி வருவாள், அரிக்குது என்றால் நம்பமாட்டாள், சொந்த முதுகைச் சொறியவும் உரிமை இல்லாத பிழைப்பு.

போன மாதம்தான், அத்தான், இந்த வெயில்ல எதுக்குப் பாளையங்கோட்டை லேப் வரைக்கும் அலையுதிய, நம்ம தெருமுக்குல புது லேப் தொறந்திருக்கான், வீட்டுக்கே வந்து எடுப்பான் என்றான் சுடலையாண்டி, நானும் சோம்பேறி, கையை நீட்டிவிட்டேன், புரத எண் ஏறியிருந்தது, போனில் வந்ததை எனக்கு முந்திப் பார்த்த செண்பகவல்லி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு, தொட்டி காலியாகிக் குழாய் நின்ற பிறகும் அழுகை நிற்கவில்லை, நான் வெளியே நின்று செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரே லேப்னு எத்தன வாட்டி சொல்றது, இத நம்பவும் முடியல விடவும் முடியல, பழைய இடத்துலயே குடுங்க என்று டாக்டரம்மா திட்ட, மீட்டர்ல கோளாறு மேடம் என்றேன், சொல்லி வாய் மூடுமுன் எத்தனை வாசல்கள், எத்தனை முகங்கள், சார் மீட்டர்ல கோளாறு என்று என்னிடம் மல்லுக்கு நின்றவர்கள், இன்னொரு மீட்டர் வைத்துப் பார்ப்போம், அநேகமாகப் பழைய மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும்.

ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது, பழைய லேப்பிலும் ஏறித்தான் இருக்கிறது, திரும்ப வந்திருச்சு சார், ஆனா எலும்பத் தொடுறதுக்கு முந்தியே பிடிச்சிட்டோம், வேற மருந்து இருக்கு என்கிறாள் டாக்டரம்மா, பரீட்சையில் பாஸான பையனிடம் சொல்வதுபோல, எனக்கு வருகிற எரிச்சலுக்கு ஒரு கிண்டலாவது வாய்விட்டு வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஆட்டோவில் வரவில்லை, சாப்பிடும்போது வரவில்லை, புது மருந்துக்கு முந்தி மறுபடி ரத்தம் எடுக்க வந்த இன்றைக்கும் வரவில்லை, அல்லது முதலிலிருந்தே இது இன்றைக்குத்தானா, பக்கத்தில் செண்பகவல்லி, ஏங்க, ஏதாவது சொல்லுங்களேன், நீங்க பேசாம இருந்தாத்தான் பயமா இருக்கு என்கிறாள், இந்தத் தடவை குளியலறைக்குள்ள போகாத, தண்ணிக் கஷ்டம், கூடத்துலயே உக்காந்து அழு, நானும் வந்து உக்காருதேன் என்கிறேன், கேட்டுச்சாக்கும் என்று அவள் பளாரென்று அடிக்கிறாள், நீட்டியிருந்த கையிலேயே, அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் முட்டிக்கொண்டு, அடித்த இடத்தில் நீலமாய் எழும்பி வருகிறது அந்தப் பயந்தாங்கொள்ளி நரம்பு, ஆங், அப்படியே பிடிச்சுக்கோங்கம்மா என்கிறாள் ஜெபராணி, பிடித்துக்கொள்கிறாள்.