வண்டி முகம் கழுவும் நேரம்

ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடியே அவள் தேநீர் டம்ளரைத் தட்டால் மூடினாள். வேண்டுமென்றே கொஞ்சம் சத்தம் வரும்படி மூடினாள். வெளியே கார் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அந்தச் சத்தம் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கோபம் என்று வந்துவிட்டால் அதற்குண்டான மரியாதையைச் செய்யத்தானே வேண்டும்.

இன்னும் விடியவில்லை. காரின் முன்விளக்குகள் ஜன்னல் வழியாக வந்து, அடுப்புக்கு மேலே சுவரில் இரண்டு வட்டங்களாக விழுந்திருந்தன. நடுவில் அவளுடைய நிழல், கையில் கரண்டியோடு. திரும்பிப் பார்க்காமலேயே அவர் அங்கேதான் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அது போதுமாக இருந்தது.

சண்டை பேட்டரியைப் பற்றித்தான்.

"பேட்டரிய மாத்துங்கன்னு போன மாசத்துலேர்ந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்திட்டிருக்கேன். இந்தக் குளிர்ல ஒருநாள் நடுரோட்டுல கழுத்தறுக்கப் போவுது பாருங்க."

"பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல. குளிருக்கு நீயே போர்வைய விட்டு எழுந்திரிக்க இத்தனை நேரம் பண்றே. அது பண்ணினா மட்டும் தப்பா?"

"அப்ப அதோடவே குடித்தனம் பண்ணுங்க!"

"அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மப்ளரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். கதவைப் படீரென்று சாத்தவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள்தான். எதற்கெடுத்தாலும் "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்பதால் அவருக்குக் கண்ணாடி சார் என்று பெயர் நிலைத்துவிட்டது. குளிர்காலத்தில் வண்டியைக் கிளப்ப அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் விளக்கை மட்டும் போடுவார். கொஞ்சம் பொறுத்து அதை அணைத்துவிட்டு, அப்புறம்தான் சாவியைத் திருப்புவார். "தூங்கறவன எழுப்பி உடனே ஓடுன்னா ஓடுவானா? முகம் கழுவ விடணும்" என்பார். வருகிற மாணவர்கள் எல்லாரிடமும் இதைச் சொல்லி, எல்லாரும் சிரித்தும் ஆகிவிட்டது.

இன்றைக்கு வண்டி வெகுநேரமாக முகம் கழுவிக்கொண்டிருந்தது.

முதலில் அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. சண்டை போட்டால் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வது அவர் வழக்கம். கோபம் தணிந்ததும் ஹாரனை லேசாக ஒரு தட்டு தட்டுவார். உடனே அவள் தேநீரை எடுத்துக்கொண்டு போவாள். அவர் மன்னிப்புக் கேட்டதாகவும் ஆகாது, அவள் இறங்கி வந்ததாகவும் ஆகாது. கல்யாணம் ஆன புதிதில் எப்படியோ ஏற்பட்டு, இத்தனை வருஷமாக இரண்டு பேருடைய மானத்தையும் காப்பாற்றி வந்த ஏற்பாடு அது. ஹாரன் சத்தம் கேட்காமல் அவள் போனதே இல்லை.

அப்புறம் விளக்கு அணையாததன் காரணம் அவளுக்குப் புரிந்தது. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்கிறாராம்! எவ்வளவு நேரம் எரிகிறது பார் என்று காட்டுகிறாராம். 'எரியட்டும். எனக்கென்ன' என்று அவள் பாத்திரங்களைக் கழுவினாள். துணிகளை மடித்தாள். ஜன்னல் பக்கம் போகவேண்டி வந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுவரில் இருந்த வட்டங்கள் மஞ்சளாயின. பிறகு பழுப்பாயின. கடைசியில் அவளுடைய நிழல் எது, சுவர்க் கறை எது என்று தெரியவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே சிரித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, சால்வையைக்கூட எடுக்காமல், ஜெயித்த வேகத்தில் வெளியே போனாள். நாக்கு நுனியில் வார்த்தை தயாராக இருந்தது. கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"என்ன சொன்னேன் நான்? இப்ப என்ன சொல்றீங்க?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

*

ஆம்புலன்ஸில் வந்த பெண் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இப்படி இருந்து எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

"இப்பத்தான்" என்றாள் அவள்.

அந்தப் பெண் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் மடங்காமல் சில்லிட்டிருந்தன. காரின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்தக் குளிரில் யாருடைய கையும் சில்லிட்டுத்தான் இருக்கும். அந்தப் பெண் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இப்பத்தான் என்று ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒருமுறை சொன்னதும் அதுவே பாதையாகிவிட்டது. பிரெட் தொழிற்சாலையில் விடிகாலை ஷிஃப்டுக்குப் போயிருந்த மகள் தலையில் வலைத்தொப்பியோடு ஓடி வந்தபோதும் அதையேதான் சொன்னாள்.

"எப்பம்மா பாத்தே?"

"வண்டி கிளம்புற சத்தம் கேக்கல. உடனே போய்ப் பாத்தேன்."

"உடனேயா?"

"உடனே."

மகள் தலையாட்டினாள். தொப்பியைக் கழற்ற அவளுக்குத் தோன்றவில்லை.

அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். வந்ததும் அழுதாள். அழுது முடித்ததும் கேள்வி கேட்டாள். ஊசி நுழைய இடம் இருந்தால் உலக்கையை நுழைக்கிற நாத்தனார் அவள். "நேத்து ஃபோன்ல சிரிச்சுப் பேசினானே. நல்லா இருந்தவன் எப்படி இப்படிப் போவான்? நீ எங்கடி இருந்தே?"

"அடுப்படியில இருந்தேன் அண்ணி."

"அடுப்படிக்கு எதுத்தாப்லதானே வண்டி நிக்குது?"

"போனேன் அண்ணி. உடனே போனேன்."

சொல்லச் சொல்ல அந்த 'உடனே' அவளுக்கு உண்மை மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது. அப்படியே ஆகிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இன்னும் பத்துப் பேரிடம் சொன்னால் ஆகிவிடும். அழுகை வரவில்லை. அடுப்படியில் தேநீர் டம்ளர் மூடியபடி இருந்தது ஞாபகம் வந்தது. அதை யாராவது கொட்டிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

மருத்துவமனையிலிருந்து அவரை மதியத்துக்குள் கொண்டுவந்துவிடுவார்கள் என்று செய்தி வந்தது. அப்போதுதான் காரை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. தெருவிலிருந்து வீட்டு வாசல்வரை சரிந்து இறங்குகிற குறுகலான பாதை. அதை அடைத்துக்கொண்டு, மூக்கை அடுப்படி ஜன்னலுக்கு நேரே வைத்து, கார் நின்றது. நாலு பேர் சேர்ந்து மேட்டில் தள்ளிப் பார்த்தார்கள். கீழே பனி உறைந்து கிடந்ததால் ஆளுக்கு ஒரு பக்கம் வழுக்கினார்கள்.

"வண்டியக் கிளப்பித்தான் எடுக்கணும். சார் வரும்போது வழியில வண்டி நிக்கக் கூடாது" என்றான் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன். கண்ணாடி சாரிடம் பழகி, மூன்று முறை டெஸ்ட்டில் தோற்று, நாலாவது முறை தேறியவன். தன் வேனைத் தெரு ஓரத்தில் காருக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து நீளமான கேபிளை இழுத்துக்கொண்டு வந்தான். அவன் மனைவி வந்திருப்பவர்களுக்குத் தேநீர் போட அடுப்படிக்குள் போனாள்.

பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

"சுத்தமாக் காலி. லைட் சுவிட்ச் இன்னும் ஆன்லயே இருக்கு, அதான்." கிளிப்பை மாட்டிக்கொண்டே, தொழில் பேசுகிற சாவகாசத்தில் சொன்னான். "குளிர்ல பாதி பலம் தானாப் போயிடும். அதுலயும் இது பழசு. ஆனா என்னதான் பழசுன்னாலும் கொஞ்ச நேரம் எரிஞ்சதுக்கெல்லாம் இந்த மாதிரி வத்தாதுக்கா. ஒரு மணி நேரத்துக்கு மேல எரிஞ்சிருக்கணும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கிளிப்பைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

நாத்தனார் மெல்லத் திரும்பினாள். "ஒரு மணி நேரமா? உடனே போனேன்னு சொன்னியே?"

அவள் வாயைத் திறந்தாள். 'உடனே' என்ற வார்த்தை இப்போது வரவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் பெண்ணுக்குக் குளிர் பதில் சொல்லிவிட்டது. இங்கே பேட்டரி சொல்லிவிட்டது.

மகளும் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு எல்லாம் இருந்தது. அவள் கண்கள் அம்மாவிடமிருந்து ஜன்னலுக்குப் போயின. ஜன்னலிலிருந்து காருக்குப் போயின. காரிலிருந்து அம்மாவிடம் வந்தன.

"நான்தான் அத்தை" என்றாள் மகள்.

"என்னது நீதான்?"

"நேத்து சாயங்காலம் நான்தான் வண்டிய எடுத்தேன். உள்ள லைட்ட அணைக்காம வந்துட்டேன். ராத்திரி பூரா எரிஞ்சிருக்கும். காலைல அப்பா ஹெட்லைட்டப் போட்டதும் இருந்த கொஞ்சமும் போயிருக்கும்."

எலக்ட்ரீஷியன் சட்டென்று பிடித்துக்கொண்டான். "அப்ப சரி. அப்ப சரியாத்தான் இருக்கு" என்று தேவைக்கு மேல் இரண்டு தடவை தலையாட்டினான்.

"உனக்கு இதே வேலையாப் போச்சு!" என்று நாத்தனார் மகள்மேல் பாய்ந்தாள். "உங்கப்பன் தலையால அடிச்சுக்கிட்டானேடி. லைட்டு லைட்டுன்னு உன்னைச் சொல்லாத நாள் உண்டா?"

அது உண்மைதான். கல்லூரிக் காலத்தில் ஒருமுறை மகள் விளக்கை அணைக்க மறந்ததற்காக அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் 'விளக்கு?' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் மறந்ததில்லை. காகிதம் மட்டும் மங்கிப்போய் அங்கேயே இருந்தது. மகள் தலையைக் குனிந்து எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டாள். வலைத்தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

நேற்று மகள் காரைத் தொடவே இல்லை. மூக்குச் சிவக்கக் குளிரில் நடுங்கிக்கொண்டு பஸ்ஸில்தான் வந்தாள். கதவைத் திறந்துவிட்டவள் அம்மாதான்.

"போடும்மா" என்றான் எலக்ட்ரீஷியன். மகள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி இரண்டு முறை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அணைக்கப்படாத முன்விளக்குகள் பளீரென்று எரிந்தன. ரேடியோ ஏதோ வானிலைச் செய்தியைப் பாதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தது. ஹீட்டர் ஊதியது. அவர் விட்டுப்போன இடத்திலிருந்து எல்லாம் தொடர்ந்தன.

கூடியிருந்தவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும். உடனே எடுத்தா நின்னுடும்" என்றான் எலக்ட்ரீஷியன், கேபிளைச் சுருட்டியபடி. "லைட்ட மட்டும் அணைச்சிடும்மா."

"இரு" என்றாள் அவள். ஆம்புலன்ஸ் வந்ததிலிருந்து யாரும் கேட்காமல் அவளாகச் சொன்ன முதல் வார்த்தை அது. "நீ இறங்கு. நான் உக்காரணும்."

ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவளுக்கும் ஒருநாள் கற்றுக்கொடுத்தார். அன்றைக்கே அவள் கேட் தூணில் மோதினாள். மூன்று நாள் பேச்சில்லை. அதற்குப் பிறகு அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்ததில்லை. இப்போது உட்கார்ந்தாள். இருக்கை அவருடைய கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியிருந்ததால் அவளுக்குக் கால் எட்டவில்லை. மகள் சுற்றிவந்து பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வெளிச்சத்தங்கள் அடங்கின.

"நேத்து நீ பஸ்லதானே வந்தே" என்றாள் அவள்.

"அதுக்கென்ன இப்போ." மகள் ரேடியோவை அணைத்தாள்.

"ஹாரன் அடிப்பார்னு இருந்தேன்."

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. தலையிலிருந்து தொப்பியை இழுத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவள் நேரே பார்த்தாள். எதிரே அடுப்படி ஜன்னல். விளக்குகளின் வெளிச்சத்தில் உள்ளே எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அலமாரி தெரிந்தது. தட்டால் மூடிய டம்ளர்கூடத் தெரிந்தது. இவ்வளவு நன்றாகத் தெரியும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஜன்னல் நிறைய ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. எலக்ட்ரீஷியனின் மனைவி திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். கையை உதறினாள். ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கையைத் தூக்கி, ஸ்டீயரிங்கின் நடுவில், லேசாக ஒரு தட்டு தட்டினாள்.

ஜன்னலில் இருந்தவள் உடனே திரும்பிப் பார்த்தாள்.