தேவைப்படாத பொருள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே அண்ணன் வந்துவிட்டான். தத்துவப் பேராசிரியர். அப்பா படுத்திருந்த அறையின் வாசலோடு நின்றுகொண்டான். உள்ளே மூத்திர வாடை.

தங்கை அப்பாவைப் புரட்டி, முதுகுப் புண்ணைத் துடைத்தாள். மறுநாள் அவளுக்கு அறுவை சிகிச்சை. பத்து நாள் அப்பாவை வைத்துக்கொள்ளத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தாள். அவனுக்கோ மாநாடு, வீட்டில் பெயின்ட் வேலை, மனைவிக்கு முதுகுவலி.

"மனசாட்சி உறுத்தலையாண்ணே?"

அண்ணனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"அப்படி ஒண்ணு கிடையாதும்மா. எது இல்லாம ஒரு விஷயத்தை விளக்கவே முடியாதோ, அதைத்தான் இருக்குன்னு ஒத்துக்கணும். மனுஷன் செய்யறதை எல்லாம் பயம், ஆதாயம், பேர் வாங்குற ஆசை, இதை வச்சே விளக்கிடலாம். நடுவுல மனசாட்சி எதுக்கு? என் புதுப் புத்தகமே அதைப் பத்தித்தான்."

தங்கை பஞ்சை முகம் சுளித்தபடி குப்பைக்கூடையில் போட்டாள். அதே முகத்தோடு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் வரைக்கும் சரிதாண்ணே. நீ இந்த வீட்டுக்குச் செஞ்சது அத்தனையும் மனசாட்சி இல்லாமலே விளக்கிடலாம். மூணு வருஷமா நான் இந்தப் புண்ணைத் துடைக்கிறேனே, இது எதுல சேர்த்தி? பயமா, ஆதாயமா, பேர் வாங்குற ஆசையா?"