கழுத்திலிருந்து கழுத்துக்கு

கொக்குக் கூட்டமொன்று தெற்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. முன்னால் பறந்த தலைமைக் கொக்கு நடுவழியில் இறந்து வீழ்ந்தது. அதன் இடத்தை எடுக்க ஒரு கொக்கும் முன்வரவில்லை. ஒவ்வொன்றும் பின்னால் ஒதுங்கியது. ஏன் ஒதுங்கினாய் என்று ஒன்றையொன்று கேட்கவுமில்லை. முன்செல்ல யாருமில்லாத கூட்டம் ஒரு குளத்தின் மேல் வட்டமிட்டது. பனி விழத் தொடங்கிய பின்னும் வட்டமிட்டுக்கொண்டே இருந்தது.

கொக்குகளுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு யூலை மாதத்தில், டோர்ட்மண்டுக்குத் தெற்கே மலைச்சரிவிலுள்ள ஒரு சிற்றூரில் அது நேரவிருந்தது.

அவ்வூருக்கு ஒரு மன்னர் உண்டு. ஜேர்மனி குடியரசாகி நெடுங்காலம் ஆன பின்னும், அங்குள்ள புனித செபஸ்தியார் சகோதர சங்கம் ஆண்டுதோறும் தனக்கொரு மன்னரைத் தேடிக்கொண்டது. உயர்ந்த கம்பத்தின் உச்சியில், முடியும் செங்கோலும் தாங்கிய மரக் கழுகொன்றை ஏற்றி, சங்கத்தார் முறை வைத்து அதைச் சுடுவர். கடைசித் துண்டை வீழ்த்துபவரே மன்னர். அவர் மனைவி அரசி. பழைய மன்னர் தம் கழுத்திலுள்ள வெள்ளிச் சங்கிலியைக் கழற்றிப் புதியவருக்கு அணிவிப்பார். முன்னாள் மன்னர் ஒவ்வொருவரின் பெயரும் ஒவ்வொரு தகட்டில் பொறிக்கப்பட்டு அதில் தொங்கும். சங்கிலி கழுத்திலிருந்து கழுத்துக்கே போகவேண்டும் என்பது வழக்கம்.

அந்த ஆண்டின் மன்னர் ஹைன்ரிஷ் பெப்ரவரியில் மாரடைப்பால் இறந்துபோனார். மன்னர் ஒருவர் தம் ஆட்சிக்காலத்திலேயே இறந்தது சங்கத்தின் நினைவுக்கு எட்டியவரை அதுவே முதல் தடவை. இனி யார் மன்னர் என்ற கேள்வி வசந்தம் முழுவதும் ஊர் மதுச்சாலையில் பேசப்பட்டது. ஏற்கெனவே இருமுறை முடி சூடிய கட்டட ஒப்பந்தக்காரரே வரட்டும் என்றார் சிலர். துக்கத்துக்காக ஓராண்டு அரியணை வெறுமையாகக் கிடக்கட்டும் என்றார் வேறு சிலர். ஆனால் சங்கத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தனர். ஆண்டொன்று விடுபட்டால் பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்துவிட வேண்டியதுதான் என்று தலைவர் வில்லி கூறினார். இறுதியில் கூட்டத்தில் முடிவாயிற்று: திருவிழாத் திங்கட்கிழமை ஆலயத்தில் மாலைச் செபத்துக்கான திருந்தாதி மணி ஒலிக்குமுன் கழுகு வீழாவிட்டால் அவ்வூரில் இனி மன்னர் இல்லை.

அந்த முடிவு மற்றெல்லாரையும்விட மரியரட்ணத்தை வருத்தியது. கடலோர ஊரான பேசாலையிலிருந்து அகதியாக வந்து, எவரையும் அறியாது நின்ற நாளில், இரும்பு ஆலையில் அவருக்கு வேலை பழக்கிய மேற்பார்வையாளர் ஹைன்ரிஷ். தம் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை தந்தவரும் அவரே. ஆலயத்துக்கு அழைத்துச் சென்று, செபஸ்தியாரின் கொடியைக் காட்டி, "இதைத் தூக்க ஆள் வேண்டும்" என்று சங்கத்தில் சேர்த்தவரும் அவரே. மரியரட்ணம் என்ற பெயர் ஜேர்மன்காரர் வாயில் முழுதாக நுழையவில்லை. ஊர் முழுவதும் அவரை 'மரியா' என்றே அழைத்தது. அவர் மறுக்கவில்லை, மாதாவின் பெயர்தானே என்று இருந்துவிட்டார். அத்தகைய நண்பரின் பெயர், மன்னர் வரிசைக்கு முற்றுப்புள்ளி வைத்த பெயராகிவிடக் கூடாது என்பதே அவர் கவலை.

திங்கட்கிழமை நண்பகலுக்குப் பின் கழுகைச் சுடுதல் தொடங்கியது. கழுகின் முடியும் செங்கோலும் விரைவில் வீழ்ந்தன. ஒரு சிறகும் போயிற்று. எஞ்சிய உடல் தளர்ந்து கம்பத்தில் ஆடத் தொடங்கிய வேளையில் வரிசை கலைந்தது. ஒருவர் புகை பிடிக்கப் போனார். ஒருவர் சப்பாத்து நாடாவை நெடுநேரம் கட்டினார். ஒப்பந்தக்காரர் தம் முழங்கை நோவதாகச் சொன்னார். தாங்கியில் பொருத்திய துப்பாக்கி தனியே நின்றது. அதற்குச் சில அடி தள்ளி, கறுப்பு உடையில், இரு கைகளிலும் சங்கிலியை ஏந்தியபடி ஹைன்ரிஷின் மனைவி கேர்டா நின்றார். மன்னர் இல்லாதபடியால் அவரே சங்கிலியைக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. நண்பகலிலிருந்து அவர் உட்காரவே இல்லை.

கொடியருகே நின்ற மரியரட்ணத்திடம் அவர் மனைவி மரியமலர் மெல்லக் கேட்டார்.

"என்னப்பா, ஒருத்தரும் சுடுறாங்களில்லை? ரோமாபுரியிலை பாப்பரசரையே ரெண்டு நாளிலை தெரிவுசெஞ்சுபோட்டாங்கள். இவங்களுக்கு ஒரு மரக்குருவியை விழுத்த ஏலாமக் கிடக்கு!"

"சும்மா இரும். கேர்டா அக்காவுக்குக் கேக்கப்போகுது."

"ஓம் ஓம், அவ தமிழ் படிச்சவதானே!"

மரியரட்ணம் சிரிக்கவில்லை. "பயப்பிடுறாங்கள், மலர். செத்த மனிசன்ரை கழுத்திலை கிடந்த சங்கிலி. அதுக்குப் பிறகு உயிரோடை இருக்கிற ஒரு கழுத்திலையும் ஏறேல்லை. துடக்கு."

கத்தோலிக்கராயினும், இறப்பின் பின் ஒரு வீட்டைச் சூழும் தீட்டுக்குரிய அந்தச் சொல் அவர்கள் வீட்டிலும் புழங்கிய சொல்லே.

"ஜேர்மன்காரருக்கு என்ன துடக்கு? காலமை அடக்கம் பண்ணிப்போட்டு மத்தியானம் கேக் வெட்டிச் சாப்பிடுற சனம்."

"வாயாலை சொல்லமாட்டாங்கள். பாரும், ஒருத்தனும் அவ நிக்கிற பக்கம் திரும்புறானில்லை. துடக்கு வீட்டைத் தாண்டேக்கை எங்கடை சனமும் இப்பிடித்தான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போகும்."

"அவ்வளவு விளங்கின நீங்கள் போய்ச் சுடுங்கோவன், ராசா ஆகலாம்" என்று சொல்லிய மரியமலர், சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மரியரட்ணத்தால் சுட இயலாது என்பதை அவர் அறிவார். பல ஆண்டுகளுக்கு முன் மரியரட்ணத்தின் தம்பி கடலில் சூடுபட்டு இறந்தான். பழிவாங்கப் புறப்பட்ட அண்ணன், வழியில் மடு மாதாவின் ஆலயத்தில் ஓர் இரவு தங்கினார். விடியும்போது மனம் திரும்பி, இனி இந்தக் கை துவக்கைத் தொடாது என்று நேர்ந்துகொண்டார். செபஸ்தியாரின் கொடியை ஏந்தி ஊர்வலத்தில் நடந்தாரேயன்றி, ஒருபோதும் கழுகைச் சுட்டதில்லை. ஹைன்ரிஷ் அதன் காரணத்தை ஒருமுறை கேட்டறிந்தார். பின் எவரையும் அதுபற்றிக் கேட்கவிட்டதில்லை.

மரியரட்ணம் கொடிக்கம்பை மனைவியின் கையில் கொடுத்தார்.

"எங்கை போறியள்?"

"பிடிச்சுக்கொண்டு நில்லும். வாறன்."

அவர் புல்வெளியைக் கடந்து நேரே கேர்டாவிடம் சென்றார். எல்லாரும் பார்த்தனர். அவர் தமக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில், சொற்களைத் தேடித் தேடிப் பேசினார்.

"கேர்டா, அதை என் கழுத்தில் போடுங்கள்."

வில்லி ஓடிவந்தார். "மரியா, என்ன இது? நீ ஒரு குண்டுகூடச் சுடவில்லையே!"

"சுடமாட்டேன். மன்னராகக் கேட்கவும் இல்லை, வில்லி. இந்தச் சங்கிலி ஒரு கழுத்துக்காகக் காத்திருக்கிறது. கொஞ்ச நேரம் நான் போட்டிருக்கிறேன். கெட்டது ஏதும் அதில் இருந்தால் என்னோடு போகட்டும். பிறகு யாராவது சுடட்டும். அவருக்கு என் கழுத்திலிருந்து கொடுக்கிறேன்."

கெட்டது என்று அவர் எதைச் சொன்னார் என்பது வில்லிக்குப் புரியவில்லை. விதிகளில் இதற்கு இடமுண்டா என்று யோசித்து வாயைத் திறந்தார். அதற்குள் கேர்டா கைகளை உயர்த்திவிட்டார். மரியரட்ணம் தலையைக் குனிந்தார். சங்கிலி அவர் எண்ணியதைவிடக் கனமாயிருந்தது. கேர்டா நெடுநேரம் ஏந்தியிருந்ததால் வெள்ளி வெதுவெதுப்பாகவும் இருந்தது. ஹைன்ரிஷின் பெயர் பொறித்த புதுத் தகடு அவர் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது.

கேர்டா தம் வெறுங்கைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு பின்னால் கிடந்த வாங்கொன்றைத் தேடிச் சென்று, அதில் அமர்ந்தார்.

அவர் அமர்ந்ததும் புல்வெளியில் ஓர் அசைவு உண்டாயிற்று. தீயணைப்பு வண்டி ஓட்டும் நோர்பெர்ட், ஹைன்ரிஷுடன் ஆலையில் வேலை செய்தவர், சிகரெட்டை மிதித்து அணைத்தார்.

"வில்லி, இப்போது யாருடைய முறை?"

"யாருடைய முறையும் இல்லை. வருகிறவன் முறைதான்."

"அப்படியானால் வழி விடு."

"உன் பார்வைக்குக் கழுகு இரண்டாகத் தெரியுமே!" என்று ஒருவர் கத்தினார்.

"தெரியட்டும். ஒன்றாவது விழும்" என்றார் நோர்பெர்ட்.

அவருக்குப் பின்னால் முழங்கை நொந்தவரும் வந்து நின்றார். மீண்டும் வரிசை பிறந்தது. ஒவ்வொரு வெடிக்கும் மரியரட்ணத்தின் தோள்கள் அதிர்ந்தன, தகடுகள் கலகலத்தன. அவ்வொலி எவருக்கும் கேட்காதவாறு அவர் இரு கைகளாலும் சங்கிலியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கண்களை மூடாமல் நின்றார். கொடிக்கம்பைப் பற்றியிருந்த மரியமலரின் உதடுகள் செபத்தில் அசைந்தன. வரிசை மூன்றாம் முறை சுற்றி வந்தபோது, நோர்பெர்ட்டின் குண்டு பட்டுக் கழுகின் உடல் பிளந்து புல்லில் வீழ்ந்தது. திருந்தாதி மணி இன்னும் ஒலித்திருக்கவில்லை.

ஆரவாரம் எழுந்தது. ஆனால் நோர்பெர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியரட்ணத்தின் முன் வந்தபோது எல்லாரும் அமைதியாயினர். நெடிய மனிதர் அவர். முழங்காலை மடித்துத் தாழ்ந்தார். மரியரட்ணம் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் இட்டார்.

சற்றுப் பின், ஊர்வலத்துக்கு அணிவகுக்கும்போது, மரியரட்ணம் வில்லியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இனிப் பயமில்லை."

"பயமா? யாருக்கு?"

"எல்லாருக்கும். இறந்தவரின் சங்கிலி அல்லவா?"

வில்லி அவரை வியப்போடு பார்த்தார். "மரியா, எவருக்கும் பயம் இல்லை. வெட்கம். ஹைன்ரிஷைக் கைகளில் வைத்துக்கொண்டு நிற்பதுபோல கேர்டா அங்கே நிற்கிறார். கழுகை வீழ்த்துபவன் போய் அதை அவரிடமிருந்து பறிக்கவேண்டும். யாரால் முடியும்? நண்பகலிலிருந்து அவரை உட்காரச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை."

மரியரட்ணம் இதைத் தமிழில் சொன்னபோது, மரியமலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நல்ல காரியம்! இல்லாத துடக்கைக் கழிச்சுப்போட்டு வந்து நிக்கிறியள்."

"பிழையாத்தான் விளங்கிப்போட்டன்" என்றார் அவர். அவர் முகம் சிவந்திருந்தது.

"பிழைதான். ஆனா அந்த மனிசி வாங்கிலை இருந்திட்டாப்பா. அதைப் பாருங்கோ."

அவர் திரும்பிப் பார்த்தார். கேர்டா இன்னும் வாங்கில் தனியே அமர்ந்திருந்தார்.

ஊர்வலத்தில் புதிய மன்னரின் இடப்பக்கம் பழைய மன்னர் நடப்பது வழக்கம். அந்த இடம் வெறுமையாயிருந்தது. நோர்பெர்ட் அதைக் காட்டி, "வா, மரியா. எனக்கு முன் இதை அணிந்தவன் நீதானே" என்று அழைத்தார். சுற்றி நின்றவர்களும் ஆமோதித்தனர். இருபது ஆண்டுகளாகக் கொடியோடு பின்வரிசையில் நடந்தவருக்கு, ஊர் முழுவதும் பார்க்க முன்வரிசையில் நடக்கும் வாய்ப்பு அது. அவர் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை மரியமலர் மட்டுமே கண்டார்.

"நான் பாரம் தூக்கியவன். அரசாண்டவன் அல்ல" என்று சொல்லிவிட்டு, மரியரட்ணம் வாங்கருகே சென்றார்.

"கேர்டா, ஹைன்ரிஷின் இடம் காலியாக இருக்கிறது. அதில் நடக்க உங்களுக்குத்தான் உரிமை."

"கையில் ஒன்றுமில்லாமல் எப்படி நடப்பது, மரியா?" என்று கேட்டார் கேர்டா. அவர் உள்ளங்கைகளில் தகடுகளின் விளிம்புகள் அழுந்திய தடங்கள் சிவந்து கிடந்தன.

"எல்லாரும் அப்படித்தான் நடக்கிறார்கள்."

கேர்டா எழுந்தார். உடையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, நோர்பெர்ட்டின் இடப்பக்கம் போய் நின்றார். நோர்பெர்ட் தம் முழங்கையை நீட்டினார். அவர் அதைப் பற்றிக்கொண்டார். வாத்தியங்கள் முழங்கத் தொடங்கின.

மரியரட்ணம் பின்வரிசைக்குப் போய் மனைவியின் கையிலிருந்து கொடியை வாங்கினார்.

"கை உளைஞ்சுபோச்சு. இவ்வளவு பாரமெண்டு ஒரு நாளும் சொல்லேல்லையே நீங்கள்?"

"பழகினாத் தெரியாது" என்று சொல்லி, அவர் கொடியை நிமிர்த்திப் பிடித்தார். முன்னால் ஊர்வலம் நகர்ந்தது.